படகுச் சவாரிக்கு நான் சொன்ன கதை

எங்கள் சவாரியில் இருந்த முதலைக்கு வாய் மூடாது. திறந்து மூடுவதற்கு அதன் உள்ளே ஒரு மோட்டார் வைத்திருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அது பழுதாகிவிட்டது. பிளந்த வாயோடு முதலை இருட்டில் கிடக்கும். சிவப்பு விளக்கு அதன்மேல் விழும்போது ஒலிபெருக்கியில் சிங்கம் உறுமும். முதலைக்கு எதற்குச் சிங்கத்தின் குரல் என்று யாரும் கேட்டதில்லை. படகில் வருகிறவர்கள் பெரும்பாலும் செல்போனைப் பார்த்துக்கொண்டே குகைக்குள் போய், செல்போனைப் பார்த்துக்கொண்டே வெளியே வருவார்கள்.

நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் பொழுதுபோக்குப் பூங்கா அது. படகில் ஆட்களை ஏற்றி இறக்குவது என் வேலை. கொக்கி போட்ட கம்பால் படகை மேடையோரம் இழுத்துப் பிடிப்பேன். எல்லோரும் உட்கார்ந்ததும் குறுக்குக் கம்பியை மாட்டித் தள்ளிவிடுவேன். கையை வெளியே நீட்டாதீர்கள், எழுந்து நிற்காதீர்கள் என்பதையெல்லாம் ஒலிபெருக்கியே சொல்லிவிடும். நான் வாய் திறக்க வேண்டியதில்லை. அதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் பேச்சு வராததற்குப் படிப்பு காரணமில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்துப் படகில் இருக்கிறவரைக் கூப்பிட வேண்டும் என்றால்கூடக் கழியால் என் படகைத் தட்டுவேனே தவிர, குரல் கொடுக்க மாட்டேன். வயிற்றில் இருக்கும்போதே வாயைத் தைத்துவிட்டார்களா என்று நைனா திட்டுவார்.

சவாரிக்குக் கூட்டம் குறைந்துவிட்டது என்று பட்டணத்திலிருந்து ஒரு மேடத்தை வரவழைத்தார்கள். முப்பது வயது இருக்கும். இந்த மாதிரிச் சவாரிகளுக்குக் கதை அமைப்பதுதான் அவர் தொழில் என்றார்கள். முதல் நாள் ஆறு முறை படகில் ஏறிச் சுற்றினார். ஒவ்வொரு முறையும் வெளியே வந்து நோட்டில் ஏதோ எழுதினார். ஆறாவது முறை இறங்கும்போது, நான் எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். பழவேற்காடு பக்கம் ஒரு குப்பம் என்றேன். அவர் நோட்டை மூடிவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

அடுத்த வாரமே முதலையைக் கழற்றி எடுத்துப்போனார்கள். ஆப்பிரிக்கக் காடு இனி கிடையாது, குகைக்குள் பழவேற்காட்டு ஏரி வரப்போகிறது என்றார்கள். என்னை மேடைவேலையிலிருந்து எடுத்து மேடத்தோடு இருக்கச் சொன்னார்கள்.

மேடம் என்னைப் பற்றிக் கேட்கவில்லை, பொருள்களைப் பற்றித்தான் கேட்டார். அதனால் எனக்குப் பதில் சொல்ல முடிந்தது. வரைந்து வைத்திருந்த படங்களை மேசையில் பரப்பி, எது சரி எது தப்பு என்று கேட்பார். கையால் இறால் பிடிக்கும் பெண்ணின் படத்தில் கூடையை இடுப்பில் வைத்திருந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுகிறவளுக்குக் கூடை இடுப்பில் எப்படி நிற்கும்? பறி என்கிற ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள், பிடித்த இறாலை அப்படியே பறிக்குள் போடுவார்கள் என்று சொன்னேன். மேடம் தன் கைப்பையின் வாரைப் பல்லில் கடித்து, இப்படியா என்று காட்டினார்.

ஒரு தப்பு என்னால் நடந்தது. எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களைக் குப்பத்துக்குக் குப்பம், ஆளுக்கு ஆள் முறை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். நம்முடைய முறைக்குப் பாடு என்று பெயர். பாடு வரும் நாளில் காய்ச்சல் என்றாலும் போய்த்தான் ஆக வேண்டும், விட்டால் அடுத்த முறை சுற்றி வரும் வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் மேடத்திடம் பேசும்போதெல்லாம் இன்னிக்கு எங்க பாடு, நாளைக்கு அவங்க பாடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் எழுதிக்கொண்டிருந்தார். பத்து நாள் கழித்து ஒலிப்பதிவு வந்தது. போட்டுக் கேட்டால், நாலு பேர் ஏலேலோ என்று ராகம் போட்டுப் பாடுகிறார்கள்.

"எதுக்கு மேடம் பாட்டு?" என்று கேட்டேன்.

"நீங்கதானேண்ணா பாடு பாடுன்னு சொன்னீங்க? இன்னைக்கு நாங்க பாடுவோம், நாளைக்கு அவங்க பாடுவாங்கன்னு நினைச்சேன். ஊருக்குள்ள போட்டி மாதிரி."

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பூங்காவில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. மேடமும் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். சிரித்து முடித்த பிறகு என் நெஞ்சு இலேசாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் கேட்டார். பொருளெல்லாம் சரியாக வந்துவிட்டது, ஆனால் கதை இல்லை. ஓர் ஆள் வேண்டும், அவருக்கு ஏதாவது நடக்க வேண்டும், படகில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அவருக்காகப் பதற வேண்டும். அப்படி உங்கள் ஊரில் ஏதாவது உண்டா என்றார்.

நான் என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.

அண்ணன் ஏழு வருஷத்துக்கு முன்னால் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்துபோனார். அன்றைக்கு எங்கள் பாடு. தண்ணீர் கடல் பக்கம் இழுக்க ஆரம்பிப்பதற்குள் போய்க் கம்பு நட்டு வலை கட்டிவிட வேண்டும். அண்ணன் படகைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்போது அண்ணி கரையிலிருந்து அவரைக் கூப்பிட்டாள். எங்கள் பக்கம் கிளம்பிப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள். அவர் திரும்பி வந்துவிட்டு மறுபடியும் போனார். அதற்குள் இழுப்பு ஆரம்பித்துவிட்டது. மணல்மேட்டில் அலை தூக்கிப் படகைப் புரட்டியது. கூடப் போனவர் நீந்திக் கரை சேர்ந்தார். அண்ணன் சேரவில்லை.

இப்படித்தான் சொன்னேன். மேடம் நோட்டில் ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டார். அண்ணி கூப்பிட்டாள் என்ற வரி.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஊர் சொல்கிற மாதிரியே நானும் சொன்னேன். நடந்ததில் ஒரு பகுதி ஊருக்குத் தெரியாது.

அன்று நான்தான் அண்ணனோடு போயிருக்க வேண்டும். முதல்நாள் கெளுத்தி முள் குத்திக் கால் வீங்கிவிட்டதால் வேறொருவர் போனார். நான் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு அண்ணனின் போன் கிடந்தது. அதை மறந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். என்னால் ஓட முடியாது. குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் கரையில் அன்றைக்குப் பாடு உள்ளவர்கள் இருபது பேர் நின்றிருந்தார்கள். கத்தினால் இருபது பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்தில் நின்றிருந்த அண்ணியிடம், கூப்பிடுங்கள் என்றேன். போகும்போது எப்படிக் கூப்பிடுவது என்று அவள் தயங்கினாள். அவசரத்துக்கு இதெல்லாம் பார்க்க முடியுமா, முகத்துவாரத்தில் ஒன்று என்றால் போன் வேண்டாமா என்று நான் மெதுவாகச் சொன்னேன். பிறகுதான் அவள் கூப்பிட்டாள்.

பிணம் வீட்டில் கிடந்தபோதே அண்ணி கூப்பிட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று பெண்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. காரியம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு முப்பதாம் நாள் போகட்டும் என்று இருந்தேன். அதற்குப் பிறகு அண்ணி கரைப் பக்கம் வந்தால் படகு தள்ளுகிறவர்கள் கையை எடுத்துவிட்டு, அவள் கடந்து போகும் வரை சும்மா நிற்பது வழக்கமாகிவிட்டது. யாரும் திட்டவில்லை, சண்டை போடவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். அவள் கரைப்பாதையை விட்டுவிட்டு முள்ளுக்காட்டைச் சுற்றி நண்டு எடுக்கப் போக ஆரம்பித்தாள். நான் ஏரியை விட்டுவிட்டு அனுப்பம்பட்டில் வாடகைக்கு வீடு பார்த்துக் குடும்பத்தோடு வந்துவிட்டேன். அண்ணன் போன துக்கத்தில் போகிறான் என்று ஊர் நினைத்தது.

பொம்மைகள் ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்தன. துணி சுற்றிப் படுக்க வைத்திருந்த பன்னிரண்டு உருவங்களைப் பார்த்து எளாவூர் சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்தி, ஒவ்வொன்றின் முகத்தையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்களாம். லாரிக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு பொம்மை மட்டும் வலது கையை உயரத் தூக்கியிருந்தது.

சோதனை ஓட்டத்துக்கு என்னை முதல் படகில் உட்கார வைத்தார்கள். குகைக்குள் சேற்று வாடைகூட வந்தது, அதற்கு ஏதோ புகை வைத்திருந்தார்கள். நாரைகள், கம்பு நட்ட வலை, பல்லில் பறியோடு பெண், எல்லாம் நான் சொன்னபடியே இருந்தன. கூட வந்த அலுவலகத்துக்காரர்கள் ஒருவர்கூடச் செல்போனை எடுக்கவில்லை. வளைவில் எங்களுக்கு முன்னால் ஒரு படகு, அதில் முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள். விளக்கு அணைந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "மச்சான்... கொஞ்சம் நில்லுங்க மச்சான்..." ஒலிபெருக்கியை வேண்டுமென்றே பின்னால் வைத்திருந்தார்கள். படகில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அங்கே கையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்பொம்மை. மறுபடியும் முன்னால் பார்ப்பதற்குள் எங்கள் படகு சாய்ந்து தண்ணீர் முகத்தில் அடித்தது. முன்னால் இருந்த படகு கவிழ்ந்து கிடந்தது.

வெளியே வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். மேடம் என் தோளைத் தொட்டு, இது உங்கள் சவாரிண்ணா என்றார். பிறகு இன்னொரு செய்தியும் சொன்னார். பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் குப்பத்துப் பெண்களை ஒரு பஸ்ஸில் அழைத்து வந்து முதலில் காட்டப்போகிறார்கள். என் அண்ணியையும் கட்டாயம் வரச்சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்களாம். என்னை மகிழ்விப்பதற்காகத்தான் செய்திருந்தார்.

ஏழு நாள் இருந்தது. அந்தப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து அண்ணி அந்தக் குரலைக் கேட்கப்போகிறாள். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். திரும்பிப் பொம்மையைப் பார்ப்பார்களா, அவளைப் பார்ப்பார்களா? வேலைக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்து மேடத்திடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்ப்பேன். இறங்கியதும் மறந்துவிடும். ஐந்து நாள் இப்படியே போனது.

ஆறாவது நாள் அவர் அறைக்குப் போய், அந்தக் குரலை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். மேடத்துக்குப் புரியவில்லை. அதுதானே கதையின் உயிர், அந்த இடத்தில்தானே எல்லோரும் திரும்புகிறார்கள் என்றார். ஆம்பளைக் குரலாக மாற்றினால்கூடப் போதும் என்றேன். ஏன் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கூப்பிடச் சொன்னது நான் மேடம். எனக்குக் கத்த வராது. அதனால அவங்கள உட்டுக் கூப்பிடச் சொன்னேன்."

ஏழு வருஷத்தில் அதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்த அறையில்தான், ஊரைப் பார்த்தே இராத ஒருவரிடம். சாயங்காலமே குரலை எடுத்துவிட்டு அங்கே காற்றின் ஓசையை வைத்தார்கள். பொம்மையின் கையை மட்டும் இறக்க முடியவில்லை, அது ஒரே வார்ப்பு. சும்மா தூக்கிய கையாக நிற்கக்கூடாது என்று அதில் ஓர் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டார்கள். விடிந்த பிறகு கிளம்புகிற படகுக்கு யாரும் கரையில் விளக்குப் பிடிக்க மாட்டார்கள். நான் அதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பெண்கள் வந்தார்கள். நான் மேடையில் நின்று ஒவ்வொருவரையும் கை பிடித்து ஏற்றினேன். "இன்னா கொழுந்தனாரே, இவ்ளோ சின்ன தண்ணிக்கு இவ்ளோ பெரிய கம்பா?" என்று ஒருத்தி கேட்டாள். உள்ளேயிருந்து அவர்கள் சிரிப்பது வெளியே கேட்டது. பறி கடித்த பொம்மையைப் பார்த்து, பல்லைப் பார்த்தால் உன் பல் மாதிரியே இருக்கிறது என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டே இறங்கினார்கள். முகத்துவாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அண்ணி கடைசிப் படகில் வந்தாள். இறங்கி, புடவையில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். மற்றவர்கள் பஸ் பக்கம் நடந்த பிறகும் அவள் என் பக்கத்திலேயே நின்றாள்.

"அந்த பொம்ம இன்னாத்துக்குக் கைய தூக்கினு கீது?"

விளக்குப் பிடித்திருக்கிறது என்றேன்.

"வெளக்கு புடிக்கிற கையா அது? கூப்புடற கை."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. கதை சொன்னதையும், குரல் வைத்ததையும், எடுக்கச் சொன்னதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அன்று உங்களைக் கூப்பிடச் சொன்னது நான்தான் என்பதை ஊரில் சொல்லாமல் இருந்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் அண்ணி என்றும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. ஈரமான முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இத்த எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றே தம்பி? எனக்குத் தெரியாததா? அங்க சொல்லு."

பஸ்ஸைக் காட்டிவிட்டு முன்னால் நடந்தாள். ஏறி, ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் படிக்கட்டு வரை போனேன். உள்ளே எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏதோ சாப்பாடு கொடுக்க வந்திருப்பதாக நினைத்து முன்வரிசையில் இருந்தவள் கையை நீட்டினாள். அன்றைக்கு அண்ணனைக் கூப்பிடச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். முன்வரிசை அடங்கிவிட்டது. பின்னாலிருந்து ஒருத்தி, இன்னா சொல்றாரு, காதுல வுழல என்றாள். இரண்டாம் தடவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டியிருந்தது. போன் மறந்துவிட்டார், எனக்குக் கத்த வெட்கமாக இருந்தது, அண்ணி மாட்டேன் என்றுதான் சொன்னாள், நான்தான் கூப்பிட வைத்தேன் என்று சொன்னேன். என் குரல் உடைந்து எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

யாரும் சாப்பிடவில்லை. நடுவில் இருந்த ஒருத்தி, என்னைப் பார்க்காமல், பொட்டலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"யாரு சொன்னா இன்னா. கூப்ட்டது அவதானே."

அண்ணி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"ஆமா, நான்தான் கூப்ட்டேன். யோவ், போனுனு கூப்ட்டேன். திரும்பிப் பாத்தாரு. மண்டையில அடிச்சினு சிரிச்சாரு. அத்த இத்தினி வருசத்துல எவளும் எங்கிட்ட கேட்டதில்ல."

டிரைவர் வண்டியை எடுத்தார். நான் படியிலிருந்து இறங்கிக்கொண்டேன்.

சவாரி இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் வளைவில் யாரும் திரும்புவதில்லை. குரலைத் திரும்ப வைக்கலாமா என்று மேடம் இரண்டு முறை போனில் கேட்டார். அது என்னுடையது இல்லை மேடம் என்று சொல்லிவிட்டேன்.

நான் விடுப்பு நாளில் குப்பத்துக்குப் போகிறேன். பஸ்ஸில் சொன்னால் ஊர் அண்ணியை விட்டுவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. போன முறை விடியற்காலையில் அண்ணி நண்டுக்கூடையை எடுத்துக்கொண்டு முள்ளுக்காட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகக் கரைப்பாதையில் நடந்தாள். நானும் கூடப் போனேன். படகு தள்ளிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டு நின்றார்கள். இப்போது என்னைப் பார்த்தாலும் நிற்கிறார்கள். எனக்கு ஓடிவிடலாம் போல் இருந்தது. அண்ணி வேகத்தைக் கூட்டவில்லை. கால் மணலில் புதையப் புதைய, எப்போதும் நடக்கிற நடையிலேயே நடந்தாள். நானும் அந்த நடைக்கே நடந்தேன்.